என் பெயரில் ஒரு ஸ்கேன்

கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைத்தான் கூப்பிட்டாள். "யசோதினி ஜெயராஜ், பதினாறாம் நம்பர்."

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். நுளம்பு முட்டையிடும் இடங்களைப் பற்றிச் சிங்களத்தில் நாலே வரிகள். அவ்வளவு நேரம் வாசிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஸ்கேன் அவருக்கு. நம்பரை என் பெயரில் எடுத்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

நான் எழுந்து போனேன். முதல் தடவையா, கடைசியாக எப்போது குளித்தீர்கள், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது, சிறுநீர் முட்டுகிறதா என்றெல்லாம் அந்தப் பெண் சிங்களத்தில் கேட்டாள். முட்டவில்லை என்றேன். அவள் லேசாகச் சலித்துக்கொண்டாள். அதோ தண்ணீர், ஐந்து கிளாஸ் குடியுங்கள், அரை மணித்தியாலத்தில் கூப்பிடுகிறோம் என்றாள். நான் நின்ற இடத்திலிருந்து அவருக்கு எல்லாமே கேட்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன். அவர் டெங்குவை விட்டு நகரவில்லை.

ஒரு கிளாஸ் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"என் பேருலயா போட்டீங்க?"

"மெதுவா பேசு. மேல் டிவிசன் கணக்கப்பிள்ளை மக இங்கதான் வேலைக்கு இருக்கு. என் பேரப் பாத்தா பொழுது சாயிறதுக்குள்ள தோட்டம் முழுக்கத் தெரிஞ்சுடும்."

"என் பேரப் பாத்தா தெரியாதா?"

"ஒன் பேருக்கு என்னா? நீ ஸ்கேன் எடுக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." அவர் நக்கலாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, அதில் ஒரு சிக்கலும் இல்லை என்று முடிவெடுத்த குரல் அது. "உள்ள போனதும் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு பேருமே ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள். நான் படித்து டீச்சரானேன். அவர் கண்டி டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனைப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். கெட்டம்பேயில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். இந்த ஏழு வருடத்தில் என் வயிற்றுக்குள் பார்க்காத ஆள் இல்லை. குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மாதா மாதம் முட்டை வளர்கிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள், அதில் நான் பருத்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சரியாக இருப்பதும் ஒரு குற்றம் போல, அடுத்த தடவை இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள்.

அவர் ஒரே ஒரு சோதனைதான் செய்தார், அதுவும் மூன்று கிழமைக்கு முன்பு. கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர், கணவருடைய ரிப்போர்ட் இல்லாமல் இனி என் புத்தகத்தைத் திறக்கமாட்டேன் என்று சொன்ன பிறகு. அதில் விந்தணு ஒன்றுகூடக் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. அந்த டாக்டர்தான் ஸ்கேனுக்குத் துண்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தந்தார். உடம்பில் உற்பத்தியே இல்லையா, அல்லது உற்பத்தியாகி வரும் வழியில் அடைப்பா, அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

இதற்கு முன்பே எனக்கு வயிற்றில் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்க்கும் ஆபரேஷனுக்குத் திகதி கிடைத்திருந்தது. அந்த வாரத்து வியாழக்கிழமை. ஸ்கேன் துண்டு கைக்கு வந்த அன்று நான் நினைத்தேன், இனி அது தேவைப்படாது என்று. அவர் அப்படி நினைக்கவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷனைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, அம்மா கோவிலில் நேர்ந்துவிட்டார், லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், முதலில் அது முடியட்டும், பிறகு ஆறுதலாக ஸ்கேனைப் பார்க்கலாம் என்றார். துண்டை அலுமாரியில் வேட்டிக்குக் கீழே வைத்துவிட்டார். அவர் ஸ்கேன் எடுக்காவிட்டால் வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் நம்பர் எடுத்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

இரண்டாவது கிளாஸ் தண்ணீர் பிடித்தேன்.

ஏன் குடிக்கிறேன் என்று என்னையே கேட்டேன். பழக்கம் ஒரு காரணம். அந்த மாதிரிக் கதிரையில் உட்கார்ந்தாலே என் உடம்பு சொன்னதைச் செய்துவிடும். ஆனால் அது மட்டுமில்லை. இன்னும் எத்தனை கிளாஸ்வரை இவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாலாவது கிளாஸில் அவர் சொன்னார், "போதும், யசோ." தடுக்கிற குரல் இல்லை. நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது போல. ஐந்தாவதையும் குடித்தேன்.

உள்ளே கூப்பிட்டபோது இருவரும் போனோம். உதவிக்கு நின்ற பெண் என்னைக் கட்டில் பக்கம் கைகாட்டி, சாரியைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் வயதானவர், சிங்களவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். உறையைக் கிழித்து வாசித்தார். ஒருமுறை வாசித்தவர் கண்ணாடியை இறக்கி இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, நோயாளி யார் என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், சுவரோரம் போட்டிருந்த கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் மட்டும் நின்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. உதவிப் பெண்ணை வெளியே அனுப்பி, ஒரு ஆண் உதவியாளரைக் கூப்பிட்டார். கம்பியூட்டரில் என் பெயரை அழித்து ஜெயராஜ் என்று அவரே அடித்தார். நான் வெளியே போகட்டுமா என்று எழுந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார். "நீ இரு."

அவர் படுத்தார். காற்சட்டையை இறக்கி, ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டார். எனக்கு அவருடைய கால்கள்தான் தெரிந்தன. புதுச் சொக்ஸ் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில்கூட அவர் பழசைத்தான் போடுவார். இதற்கென்று எடுத்து வைத்திருக்கிறார். நானும் இப்படித்தான், முதல் தடவை ஸ்கேனுக்குப் போனபோது புது உள்பாவாடை உடுத்திக்கொண்டு போனேன்.

டாக்டர் ஜெல்லைப் பூசினார். என் கணவரின் கால்விரல்கள் சுருங்கின. அது எவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரியும். குளிரைவிட, முன்பின் தெரியாத ஒருவர் நம்மைத் தொட்டுக்கொண்டு நம்மைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்பதும் தெரியும். பக்கத்தில் போய் அந்தக் காலைத் தொட்டிருக்கலாம். நான் போகவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நல்லா இருக்கா, ஜெயராஜ், என்று அது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும், டாக்டர் அவசரப்பட வேண்டாம், என்று விரும்பியது. அப்படி ஒரு பெண் எனக்குள் இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. நான் அவளை வெளியே போகச் சொல்லவும் இல்லை. வயிறு முட்டி வலித்தது. அந்த வலியோடு அவளும் சேர்ந்தே இருந்தாள்.

டாக்டர் அளந்தார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்னச் சத்தம். இரண்டு விதைகளும் நல்ல அளவு, இரத்த ஓட்டமும் குறைவில்லை, கட்டி எதுவும் இல்லை என்றார். உற்பத்தி இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இவை சிறுத்துப்போயிருக்கும், இவருக்கு அப்படி இல்லை என்றார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, விதையின்மேல் ஒட்டியிருக்கும் சுருள் குழாயைக் காட்டினார். அது இரண்டு பக்கமும் வீங்கி, உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. போக இடமில்லாமல் தேங்கினால்தான் இப்படி வீங்கும் என்றார்.

துணியைச் சற்று மேலே தள்ளி, இரண்டு தொடை இடுக்குகளிலும் விரலால் தடவிப் பார்த்தார். குனிந்து விளக்கைச் சரித்தார். பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய வெள்ளைக் கோடுகள், தோல் மடிப்போடு மடிப்பாக. சிறுவயதில் ஆபரேஷன் செய்தார்களா என்று கேட்டார்.

இல்லை என்றார் என் கணவர்.

ஞாபகம் இருக்காது, கைக்குழந்தையில் செய்திருப்பார்கள், என்றார் டாக்டர். குடலிறக்கத்துக்காக இருக்கும். அந்த வயதில் விந்து வரும் குழாய் ஒரு நூல் அளவுதான். தைக்கும்போது சில சமயம் அதுவும் அகப்பட்டுவிடும், யாருடைய கவனக்குறைவும் இல்லாமலே நடப்பதுண்டு. செய்யாமல் விட்டிருந்தால் குடல் சிக்கி, பிள்ளை உயிரோடு இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அம்மா இருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் செய்தது உறுதியானால் நான் அதையும் எழுதித் தருவேன். அப்படியென்றால் ஊசியால் நேரடியாக விந்தணுவை எடுத்துப் பிள்ளைக்கு முயற்சி செய்ய வழி இருக்கிறது. முடிவு உங்கள் டாக்டருடையது, ஆனால் இதைப் பார்த்த பிறகு, துண்டில் எழுதியிருக்கிறபடி வியாழக்கிழமை உங்கள் மனைவியின் வயிற்றில் அவர்கள் கத்தி வைக்கமாட்டார்கள்.

நான் அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடம் ஒரே படுக்கை. நான் அதைக் கண்டதில்லை. நாங்கள் எப்போதும் விளக்கை அணைத்துவிடுவோம்.

நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்தபோது, அவர் படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே பாடசாலை விட்ட நேரம். வான்களும் ஆட்டோக்களும் அசையாமல் கிடந்து ஹோர்ன் அடித்தன. அம்மாவுக்கு எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"எடுங்க."

"என்னான்னு கேக்குறது?" ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினார். "இங்க பாரு, யசோ. இப்ப டாக்டர் காரணத்தக் கண்டுபிடிச்சிட்டாரு. நமக்குத் தெரிஞ்சா போதும்தானே. வியாழக்கிழமை அது பாட்டுக்கு நடக்கட்டும். ஒரு ஓட்டதான் போடுறாங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். பெறகு ஒனக்குத்தான் வைத்தியம்னு சொல்லி இதையும் செஞ்சுக்கலாம். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அவர் திட்டத்தில் எங்கேயும் ஓட்டை இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. எல்லோரும் நலமாக இருப்பார்கள். என் வயிறு ஒன்றுதான் கணக்கில் வரவில்லை.

"மூணு ஓட்ட," என்றேன். "தொப்புள்ள ஒன்னு, பக்கத்துக்கு ஒன்னு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவர் முகம் சிவந்தது. நம்பரை அழுத்தினார்.

அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் சத்தமாகப் பேசுவார். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. முதலில் சாப்பாடு, மழை, என் ஆபரேஷனுக்கு நேர்ந்த சேலை பற்றிப் பேசினார். பிறகு இவர், சின்ன வயதில் தனக்கு ஏதாவது வெட்டினார்களா என்று கேட்டார்.

"வெட்டாம? எட்டு மாசம் ஒனக்கு. குடலெறக்கம். ரெண்டு பக்கமும் வீங்கிப்போயி ராப்பகலா கத்துன. தோட்டத்து லொறியில தூக்கிட்டுப் போனோம். எதுக்குக் கேக்குற இப்ப?"

"சும்மாதான். யசோவோட ஃபோம்ல எழுதணுமாம்."

"அவ ஃபோம்ல ஒன்ன வெட்டுனது எதுக்கு?"

சுப்பம்மா என்ற அந்த மனுஷி முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், கங்காணிக்கே நிறுவையில் பிழை காட்டியவர். அவரிடம் இந்தப் பொய் நிற்காது என்று அவர் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் போனை என் கையில் திணித்தார். "நீ சொல்லு."

நான் சொன்னேன். "அத்த, ஸ்கேன் எனக்கில்ல. அவருக்குத்தான் எடுத்தாங்க. அந்த ஆபரேஷன்ல வித்து வர்ற கொழாய் ரெண்டும் அடைபட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு ஒன்னும் இல்ல. ஒரு நாளும் ஒன்னும் இருக்கல."

இந்த வாக்கியங்களை ஏழு வருடமாக நான் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் கணவருடைய தங்கை மகளின் சடங்கில், நான் வாங்கிக்கொண்டு போன சீர்த்தட்டையே என் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாரே அத்தை, அன்றைக்கு இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேனோ, அப்படி இருக்கவில்லை.

போனில் எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது. பிறகு அத்தை பேசினார், முதல் முறையாக மெதுவாக.

"அந்தக் கடுதாசியில கைநாட்டு வச்சது நான். அவங்கப்பா வேணாம்னாரு. தாயத்துக் கட்டுவோம், எறங்கிடும்னாரு. நாந்தான் சண்ட போட்டுத் தூக்கிட்டுப் போனேன்." மூச்சு வாங்கினார். "அப்ப நாந்தான் செஞ்சிட்டனா, யசோ?"

இல்லை, அத்தை. வெட்டாவிட்டால் உங்களுக்குப் பிள்ளையே இருந்திருக்காது. டாக்டர் சொன்னார்.

இது என் வாயில் இருந்தது. முழுதாக, வார்த்தை பிசகாமல் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை, திகைத்தும் போகவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒரு பெண் தன் உடம்பிலோ கையிலோ குற்றத்தைத் தேடும்போது அவளுக்கு எப்படி இருக்கும் என்று அத்தையும் ஒருதரம் அறிந்துகொள்ளட்டும் என்று, ஸ்கேன் அறையில் எனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தவள் காத்திருந்தாள். எத்தனை விநாடி என்று தெரியாது. கீழே ஒரு பஸ் முன்னால் நகர்ந்து மறுபடி நிற்கும் அளவுக்கு.

என் கணவர் போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"இல்லம்மா. நீங்க ஒன்னும் செய்யல. அழாதீங்க. கொறை எனக்குத்தான். கேக்குதா? யசோவுக்கு ஒன்னும் இல்ல, எனக்குத்தான்."

கவுண்டர்ப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். மேல் டிவிசன் கணக்கப்பிள்ளை மகள் அங்கே இருந்திருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்காக, திரும்பத் திரும்பச் சொன்னார்.

எவ்வளவு சுலபமாக வந்தது. நான் அழுத இரவுகளில் அவர் என் முதுகைத் தடவித் தந்திருக்கிறார், தண்ணீர் கொண்டுவந்து தந்திருக்கிறார், டாக்டரை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். தன்னையும் ஒருதரம் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. மூன்று கிழமையாக ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டும், எனக்குத்தான் என்று சொன்னதில்லை. அவருடைய அம்மா அழுது ஒரு நிமிடம் ஆகவில்லை, சொல்லிவிட்டார்.

அவர் பேசி முடிக்கும்வரை நான் கதிரையில் போய் இருந்தேன். அத்தை சொன்னதை நான் உதவியாளரிடம் சொல்லி அனுப்ப, டாக்டர் ரிப்போர்ட்டையும் ஒரு கடிதத்தையும் அனுப்பினார். ஆண் உதவியாளர் "ஜெயராஜ்" என்று கூப்பிட்டதும், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றார். "அம்மா துடிச்சுப்போயிட்டாங்க."

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாரோ, இல்லை தான் கேட்க நினைத்தாரோ. இரண்டும் நடக்கவில்லை. மழை தொடங்குவதற்கு முன் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று எழுந்தோம்.

மறுநாள் கிளினிக்கில் கடிதத்தை வாசித்துவிட்டு என் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். ஒரு கோடு, அவ்வளவுதான். அவருக்கு வேறொரு டாக்டரிடம் திகதி தந்தார்கள்.

வியாழக்கிழமை காலை எனக்கு மயக்க மருந்து கொடுத்திருக்க வேண்டிய நேரத்தில் நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதும்போது இடது கை தானாக வயிற்றில் போய் நின்றது. ஒரு காயமும் இல்லாத வயிறு. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கோவிலுக்கு நேர்ந்த சேலையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தலாத்துஓயா வழியாக வரும் முதல் பஸ்ஸில் வருகிறார், என்னிடம் பேச வேண்டுமாம். வெட்டாவிட்டால் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னதைத் தன் வாயால் அம்மாவிடம் சொல்லியிருப்பார் இவர் என்று நினைத்தேன். கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. கட்டிலில் படுத்திருந்தபோது, காரணத்தைத் தவிர டாக்டர் சொன்ன வேறெதுவும் தன் காதில் ஏறவில்லை என்கிறார்.

ஆக, அந்த வாக்கியம் தெரிந்த ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். போன் மேசையில்தான் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை.